காவி கட்டிய மரம்

வட தாய்லாந்து மலைக்கிராமங்களில் சில மரங்களின் இடுப்பில் காவித்துணி சுற்றியிருக்கும். ஊர் கூடி நிற்க, மரத்துக்குத் துறவு தருவதாகப் பிக்குகள் ஓதிக் கட்டிய துணி. அந்த மரத்தை வெட்டுபவனுக்குத் துறவியை வெட்டிய பாவம் சேரும் என்று ஊர் நம்புகிறது. 1980களின் கடைசியில் பரவிய சடங்கு இது. 1988 நவம்பரில் நாட்டின் தெற்கே மொட்டை மலைகளிலிருந்து சேறும் வெட்டுமரங்களும் வெள்ளத்தோடு இறங்கி ஊர்களை மூடின. 1989 ஜனவரியில் காட்டில் வணிக மரவெட்டுக்குத் தடை வந்தது. கோடரி அதோடு ஓயவில்லை.

மனிதருக்கு மட்டுமே துறவு தரலாம் என்று கடிந்த பிக்குகளும் உண்டு. ஆனால் பிக்குகளின் ஒழுக்க விதிகளான விநயத்திலேயே ஒரு கதை இருக்கிறது. ஆளவி என்ற ஊரில் கட்டட வேலைக்காக ஒரு பிக்கு மரத்தை வெட்டுகிறார். அதில் குடியிருந்த தேவதை தன் வீட்டை விட்டுவிடும்படி கெஞ்சுகிறாள். கோடரி அவள் குழந்தையின் கையில் படுகிறது. அவள் புத்தரிடம் முறையிட, செடிகொடியை அழிப்பது பிக்குவுக்குக் குற்றம் என்ற விதி பிறக்கிறது.

மணிமேகலைக் காப்பியத்தில் அறவண அடிகள் மணிமேகலைக்குச் சொன்ன பன்னிரு சார்பின் சாரம், ஒன்றைச் சார்ந்தே மற்றது தோன்றும் என்பது. 1929இல் வெளியான தன் நூலில் தத்துவவாதி ஆல்ஃபிரட் நார்த் வைட்ஹெட் வேறு வழியில் இதன் அருகே வந்தார். உலகம் நிகழ்வுகளால் ஆனது, ஒவ்வொரு நிகழ்வும் முன்பு நடந்ததை உள்வாங்கியே உருவாகிறது என்றார். அப்படிப் பார்த்தால் முதிர்ந்த மரம் என்பது நூறு மழைக்காலமும் வேரோடு பிணைந்த பூஞ்சையும் பட்டையில் ஊரும் எறும்பும் சேர்ந்து இன்னும் நடந்துகொண்டிருப்பது.

என்னை உறுத்துவது, வெட்டிய மரத்தை வேறு மரம் நட்டுச் சரிக்கட்டும் கணக்கு. வடகிழக்கு தாய்லாந்தில் ‘சீரழிந்த காடு’ என்று முத்திரை குத்திய நிலங்களில் காகிதக்கூழுக்காகத் தைலமரம் நட்டார்கள். காளானும் மூங்கில் குருத்தும் பொறுக்கிய மக்களுக்கு அங்கே பொறுக்க ஒன்றுமில்லை. அதே வடகிழக்கில், புரிராம் மாகாணத்து டோங் யாய் காட்டில் மரங்களுக்குக் காவி கட்டிய பிக்கு ஒருவர் 1991இல் கைதானார். இப்படி நடும்போது கணக்கில் மட்டும் மரம் கூடும். புதுக்கோட்டைப் பக்கம் தைலமரக் காட்டுக்குள் நடந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

எல்லாம் அநித்தியம்தானே, காடு போய்த் தோப்பு வந்தால் என்ன என்று சிலர் கேட்கிறார்கள். அநித்தியத்தைக் கோடரிக்குச் சாட்சியாக்கும் இந்தப் பேச்சுதான் எனக்கு அச்சம் தருகிறது. சார்ந்து தோன்றும் உலகில் இழப்பும் அடுத்த கணத்துக்குள் போய்ச் சேர்கிறது. நீரூற்று வற்றிய மலையில் பிறக்கும் குழந்தை அந்த வறட்சியையும் சேர்த்தே பெற்றுக்கொள்கிறது. காவி கட்டுவது பெரும்பாலும் காட்டிலேயே மூத்த மரத்துக்கு. சில ஆண்டில் வெட்டவென்றே வரிசையாக நட்ட தோப்பில் அப்படி ஒரு மரம் இல்லை.