கிடாக்களுக்கு நீர்க்கட்டு: மருந்தோடு தீவனமும் மாற வேண்டும்

பக்ரீத், தீபாவளி, ஊர்க் கோயில் கொடை ஆகியவற்றை எதிர்பார்த்துக் கொட்டிலில் கட்டி வளர்க்கப்படும் கிடா, சிறு விவசாயிக்குக் கையிருப்புப் பணம் போன்றது. விற்கும் நாள் நெருங்கும்போது எடை கூட வேண்டுமென்று தவிடும் தானியமும் தாராளமாக வைப்பது வழக்கம். நன்றாகக் கொழுத்த இத்தகைய கிடாக்களே திடீரென்று சிறுநீர் கழிக்க முடியாமல் ஓரிரு நாட்களில் இறந்துவிடுவதுண்டு. சிறுநீர்ப் பாதையில் கல் அடைப்பதே இதற்குக் காரணம். சிகிச்சையால் பிழைத்த கிடாவுக்கும் பழைய தீவனத்தையே வைத்தால் அடைப்பு மீண்டும் வரும்.

கிடாவுக்கு மட்டும் ஏன்?

பெட்டையாட்டின் சிறுநீர்த்தாரை குட்டையானது, அகலமானது. பொடிக்கற்கள் சிறுநீரோடு வெளியேறிவிடும். கிடாவின் தாரையோ நீளமானது. நடுவில் வளைந்து நெளிந்து செல்வது. அதன் நுனியில் புழுப்போன்ற மெல்லிய நீட்சி ஒன்று உண்டு. மணல் போன்ற சிறு கல்லும் அந்த நீட்சியிலோ, நடு வளைவிலோ சிக்கிக்கொள்ளும். மிக இளம் வயதில் காயடித்த கிடாக்களில் தாரை முழு அகலத்துக்கு வளர்வதில்லை. ஆகவே ஐந்து, ஆறு மாத வயதுக்கு மேல் காயடிப்பது நல்லது.

கல் எப்படி உண்டாகிறது?

ஆட்டின் உணவில் சுண்ணாம்புச் சத்து இரண்டு பங்கும் மணிச்சத்து ஒரு பங்கும் இருக்க வேண்டும். 100 கிலோ அரிசித் தவிட்டில் மணிச்சத்து சுமார் ஒன்றரை கிலோ இருக்கும். சுண்ணாம்புச் சத்தோ ஏறக்குறைய 100 கிராம்தான். கோதுமைத் தவிடு, கம்பு, சோளம், மக்காச்சோளம் ஆகியவற்றிலும் மணிச்சத்தே மிகுதி.

ஆடு தழையையும் வைக்கோலையும் மென்று அசைபோடும்போது உமிழ்நீர் நிறையச் சுரக்கிறது. மிகுதியான மணிச்சத்து அந்த உமிழ்நீர் வழியாகக் குடலுக்குச் சென்று சாணத்தோடு கழிந்துவிடும். தவிட்டையும் அரைத்த தீவனத்தையும் மெல்ல வேண்டிய தேவை குறைவு. அப்போது மணிச்சத்து சிறுநீரில் இறங்கிக் கல்லாகப் படிகிறது. குடிநீர் குறைந்தால் சிறுநீர் கெட்டிப்பட்டுக் கல் விரைவில் சேரும். குளிர்ந்த மாதங்களில் ஆடு தண்ணீரை அதிகம் நாடாததால் அப்போதும் கவனம் தேவை.

அறிகுறிகள்

கிடா அடிக்கடி முதுகை வளைத்து முக்கும், வாலை ஆட்டும், கத்தும், பின்னங்காலால் வயிற்றை உதைக்கும். சிறுநீர் சொட்டுச் சொட்டாக வரும் அல்லது அறவே வராது. ஆண்குறி உறையின் முனையிலுள்ள மயிரில் உப்புப்போல் வெண்மணிகள் ஒட்டியிருக்கும். முக்குவதைக் கண்டு மலச்சிக்கல் என்று எண்ணி, எண்ணெய் புகட்டிக் காலம் கடத்துவோர் பலர். கிடா நின்ற இடத்தில் ஈரம் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

துடித்துக்கொண்டிருந்த கிடா திடீரென்று அமைதியானால் குணமாகிவிட்டது என்று நம்பிவிடக் கூடாது. சிறுநீர்ப்பை வெடித்திருக்கலாம். அதன் பிறகு வயிறு இருபுறமும் நீர் கோத்துப் பெருக்கும். அந்த நிலையில் இறைச்சியும் சிறுநீர் வாடை வீசி உணவுக்கு உதவாமல் போகும்.

உடனே செய்ய வேண்டியவை

தவிட்டையும் தானியத்தையும் நிறுத்திவிட்டு, அன்றே கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். அவசரத்துக்கு 1962 என்ற எண்ணில் அழைக்கலாம். முழு அடைப்பு இருக்கும்போது தண்ணீரையோ கஷாயத்தையோ வலிந்து புகட்டுவதும், சிறுநீர் பெருக்கும் மருந்து கொடுப்பதும் சிறுநீர்ப்பையை வெடிக்கச் செய்யும். கல் நுனி நீட்சியில் இருந்தால் மருத்துவர் அந்த நீட்சியை வெட்டிவிடுவார். இதனால் பொலிகிடாவின் இனவிருத்திக்குக் கேடில்லை. கல் மேலே இருந்தால் அறுவைச் சிகிச்சை தேவைப்படும். வேப்பேரி, நாமக்கல் போன்ற ஊர்களிலுள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இதற்கு வசதி உண்டு.

மீண்டும் வராமல் தடுக்க

நுனியை வெட்டியதும் சிறுநீர் பீறிட்டு வரும். ஆனால் சிறுநீர்ப்பையில் தங்கியுள்ள மற்றக் கற்கள் சில நாட்களிலேயே மறுபடியும் அடைக்கக்கூடும். ஆகவே கீழ்க்கண்டவற்றைக் கைக்கொள்ள வேண்டும்.

1. தழை, புல், சோளத்தட்டை ஆகியவையே முதன்மைத் தீவனமாக இருக்க வேண்டும். தவிடு, தானியத்தைப் பெருமளவு குறைக்க வேண்டும்.

2. அடர்தீவனம் கொடுத்தே ஆக வேண்டுமானால் 100 கிலோவுக்கு 2 கிலோ சுண்ணாம்புக்கல் தூள் கலக்கலாம். கடையில் வாங்கும் தாது உப்புக் கலவைகள் பலவற்றில் மணிச்சத்தும் இருப்பதால், மருத்துவரிடம் காட்டிய பிறகே அவற்றைச் சேர்க்க வேண்டும்.

3. அடைப்பு நீங்கிய பின், அடர்தீவனத்தில் 100 கிலோவுக்கு 3 கிலோ வரை சமையல் உப்பு சேர்த்தால் கிடா தண்ணீர் நிறையக் குடிக்கும். தண்ணீர் எப்போதும் தொட்டியில் இருந்தால் மட்டுமே இதைச் செய்யலாம்.

4. தண்ணீர்த் தொட்டியை நாள்தோறும் கழுவி நிரப்ப வேண்டும். குளிர் காலத்தில் இளவெந்நீர் வைக்கலாம்.

5. மணிச்சத்துக் கற்களைத் தடுக்க அம்மோனியம் குளோரைடு எனப்படும் நவச்சாரம் உதவுகிறது. 20 கிலோ எடையுள்ள கிடாவுக்கு நாளொன்றுக்குச் சுமார் 4 கிராம் என்பது வழக்கமான அளவு. மருத்துவர் சொல்லும் அளவிலும் நாட்களுக்கும் மட்டுமே கொடுக்க வேண்டும்.

6. வெளியே வந்த கல்லை எறியாமல் மருத்துவரிடம் கொடுக்க வேண்டும். குதிரைமசால் போன்ற பயறுவகைத் தீவனத்தையே மிகுதியாகத் தின்னும் கிடாக்களில் சுண்ணாம்புக் கற்கள் உண்டாகும். அவற்றுக்குச் சுண்ணாம்புத் தூள் கலந்தால் தீமையே விளையும். கல்லின் வகை தெரிந்தால்தான் தீவனத்தைச் சரியாகத் திருத்த முடியும்.

ஒரு கொட்டிலில் ஒரு கிடாவுக்கு அடைப்பு வந்தால், அதே தீவனம் தின்ற மற்றக் கிடாக்களின் சிறுநீர்ப்பையிலும் கல் சேர்ந்து வருவதாகவே கொள்ள வேண்டும். ஆகவே தீவன மாற்றத்தை எல்லாக் கிடாக்களுக்கும் அன்றே தொடங்க வேண்டும். தவிட்டைக் குறைத்தால் எடை சற்று மெதுவாகத்தான் ஏறும். ஆனால் வளர்த்த கிடா சந்தைக்கு உயிரோடு போய்ச் சேரும்.