முப்பது விநாடி விடியோவும் மூன்று மணி நேரக் கெடுவும்

திருவனந்தபுரம்: மாநகராட்சித் தேர்தலில் போட்டியிடும் ஒரு வேட்பாளர் கேரளத்தில் சட்டப்படி செலவிடக்கூடிய தொகை ரூ. 1.50 லட்சம். மேடை, ஒலிபெருக்கி, சுவரொட்டி, வாகன வாடகை என்று கணக்கிட்டால் அதிக நாள் தாக்குப்பிடிக்காத தொகை. 2025 டிசம்பர் 9-ஆம் தேதி வாக்குப் பதிவு நடைபெற்ற இம்மாநகரின் வார்டுகளில், பிரசாரத்தின் ஒரு பகுதி செல்பேசித் திரைக்கு இடம்பெயர்ந்ததற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம்.

வேட்பாளரின் புகைப்படம் ஒன்று, வார்டின் குறைகளைச் சொல்லும் நான்கு வரிகள், ஒரு செல்பேசி. இவை இருந்தால் போதும். நான்கு வரிகளை முப்பது விநாடிப் பேச்சாகவோ பாட்டாகவோ செயற்கை நுண்ணறிவுச் செயலி மாற்றித் தருகிறது. இன்னொரு செயலி அதற்கு மெட்டும் குரலும் அளிக்கிறது. மூன்றாவது செயலி, புகைப்படத்தில் உள்ள உதடுகளை அந்தக் குரலுக்கேற்ப அசைய வைக்கிறது. செல்பேசியை நிமிர்த்திப் பிடித்துப் பார்ப்பவருக்குப் பொருந்துமாறு, அகலம் 9 பங்கு, உயரம் 16 பங்கு என்ற அளவில் படம் முடிகிறது. முன்பெல்லாம் இதற்கு ஒலிப்பதிவுக் கூடத்தையும் படத்தொகுப்பாளரையும் தேடிச் செல்ல வேண்டும். இன்று வார்டு கமிட்டி இளைஞர் ஒருவர் தேநீர்க் கடை பெஞ்சில் அமர்ந்தபடியே முடித்துவிடலாம்.

பண பலம் இல்லாத வேட்பாளருக்கு இது வரப்பிரசாதம் என்பதில் ஐயமில்லை. ஆனால், அதே செயலியில் எதிரணி வேட்பாளரின் புகைப்படத்தையும் ஏற்ற முடியும் என்பதே சிக்கல்.

இந்த அபாயம் தில்லிக்குத் தெரியாததல்ல. நடிகை ராஷ்மிகா மந்தனாவின் பெயரில் 2023 நவம்பரில் போலி விடியோ பரவியபோது சமூக ஊடக நிறுவனங்களை எச்சரித்தவர், அப்போதைய மத்திய இணையமைச்சர் ராஜீவ் சந்திரசேகர். சோதனை நிலையில் உள்ள செயற்கை நுண்ணறிவுக் கருவிகளை வெளியிட அரசின் அனுமதி தேவை என்று 2024 மார்ச் 1-இல் அறிவுறுத்திய அவரது அமைச்சகம், எதிர்ப்பு கிளம்பியதும் இரண்டே வாரங்களில் அந்த நிபந்தனையைக் கைவிட்டது. அடுத்த மாதம் அவர் பாஜக வேட்பாளராக வாக்குக் கேட்டது இதே திருவனந்தபுரத்தில்தான். காங்கிரஸின் சசி தரூரிடம் 16,077 வாக்குகளில் அவர் தோல்வியுற்றார்.

அந்தத் தேர்தலின் நடுவே, 2024 மே 6-இல், போலி விடியோ கவனத்துக்கு வந்த மூன்று மணி நேரத்துக்குள் கட்சிகள் அதை நீக்க வேண்டும் எனத் தேர்தல் ஆணையம் உத்தரவிட்டது. 2026 பிப்ரவரி 20-இல் நடைமுறைக்கு வந்த திருத்தப்பட்ட தகவல் தொழில்நுட்ப விதிகளும் அதே கணக்கைப் பின்பற்றின. அரசு அல்லது நீதிமன்ற உத்தரவு கிடைத்தபின் நீக்குவதற்கு நிறுவனங்களுக்கு இருந்த 36 மணி நேர அவகாசம், மூன்று மணி நேரமாகக் குறைந்தது. செயற்கையாக உருவாக்கியது என்ற அடையாளக் குறிப்பும் கட்டாயமானது. குறிப்பு திரையில் பத்து சதவீத இடத்தையாவது பிடிக்க வேண்டும் என்று 2025 அக்டோபர் வரைவில் இருந்த நிபந்தனை மட்டும் இறுதி விதியில் இல்லை.

நிமிர்ந்த திரையில் இந்த விடுபடல் சிறிய விஷயமல்ல. கீழ்ப்பகுதியைக் கணக்கின் பெயரும் விளக்க வரிகளும், வலது ஓரத்தை விருப்பக்குறி, பகிர்வுப் பொத்தான்களும் அடைத்துக்கொள்கின்றன. மிச்சத்தில் ஓர் ஓரமாக நிற்கும் சிறு எழுத்தை யார் கவனிப்பது? அதையும் வெட்டிவிட்டு வாட்ஸ்ஆப் குழுவில் போட்டுவிட்டால், மூன்று மணி நேரக் கெடு யாருக்கு, எப்போது தொடங்குகிறது என்பதே கேள்விக்குறி. உத்தரவு கட்சித் தலைமைக்கும் நிறுவனத்துக்கும் போகிறது. விடியோவைத் தயாரிப்பவரோ வார்டில் இருக்கிறார். "அது எங்கள் ஆள் செய்ததல்ல" என்று கூறிவிடுவதும் கட்சிகளுக்கு எளிது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. 2025 டிசம்பரில், முதல்வராக இருந்த பினராயி விஜயனும் சபரிமலை தங்க வழக்கில் கைதானவரும் சேர்ந்திருக்கும் படத்தை வெளியிட்டதற்காகக் காங்கிரஸ் நிர்வாகி என். சுப்பிரமணியன் மீது கோழிக்கோட்டில் வழக்குப் பதிவானது. படம் செயற்கை நுண்ணறிவால் உருவானது என்றது மார்க்சிஸ்ட் தரப்பு. அரசு விழா விடியோவிலிருந்து எடுத்தது என்றார் அவர். பொய்யை உண்மை என்று நம்பவைப்பதைப் போலவே, சங்கடமான எதையும் "செயற்கை" என்று ஒதுக்கிவிடவும் இன்று ஆளுங்கட்சிகளுக்கு வழி பிறந்திருக்கிறது. எந்தக் கட்சி ஆண்டாலும் இதுதான் நிலை.

விதிகளைவிட வகுப்பறையை நம்பியது கேரளக் கல்வித் துறை. திருவனந்தபுரம் பூஜப்புரையில் தலைமையகம் கொண்ட 'கைட்' என்ற அரசு நிறுவனம், 2024 மே மாதம் முதல் 80 ஆயிரம் ஆசிரியர்களுக்குச் செயற்கை நுண்ணறிவுப் பயிற்சியைத் தொடங்கியது. போலி விடியோக்களின் ஆபத்தும் பாடத்திட்டத்தில் இருந்தது. 2024-25 கல்வியாண்டில், முகபாவங்களைக் கணினி எப்படி அடையாளம் காண்கிறது என்பதை மாணவர்களே நிரல் எழுதிப் பார்க்கும் பாடம் ஏழாம் வகுப்பு நூலில் இடம்பெற்றது. ஒரு முகத்தைக் கணினி அறிவது எப்படி என்று பன்னிரண்டு வயதில் செய்து பார்த்த அந்த மாணவர்கள், சில ஆண்டுகளில் முதன்முறையாக வாக்களிப்பர்.