பேண்டிகூட்: தெலுங்குல இருந்து கிளம்பி ஆஸ்திரேலியா போன சொல்

இன்னிக்கு எபிசோட் ஒரே ஒரு இங்கிலீஷ் சொல்லைப் பத்தினது. விழுப்புரத்துல இருந்து ஒரு நேயர் கேட்டிருந்தாங்க: "எங்க வீட்ல தெலுங்குதான் பேசுவோம், ஆனா எழுதப் படிக்கத் தெரியாது. பேண்டிகூட்னா பெருச்சாளின்னு டீச்சர் சொல்லிக்கொடுத்தாங்க. நெட்ல தேடினா ஆஸ்திரேலியாவுல இருக்கிற வேற ஒரு பிராணியோட படம் வருது. எது சரி?"

ரெண்டுமே சரி. ஆனா முதல் உரிமை உங்க வீட்டுக்குத்தான்.

தெலுங்குல பெருச்சாளிக்குப் பேரு 'பந்திகொக்கு'. 'பந்தி'ன்னா பன்றி. நாம பேச்சுல 'பன்னி'ன்னு சொல்றோம்ல, அதோட உடன்பிறப்புதான். 'கொக்கு'ன்னா எலி வகை. ஆக, பன்னி எலி. தமிழ்க் காதுக்கு இது சிரிப்பா இருக்கும், ஏன்னா நமக்குக் கொக்குன்னா குளத்துல ஒத்தக்கால்ல நிக்கிற பறவை. அந்தப் பறவைக்குத் தெலுங்குல 'கொங்க'ன்னு பேரு.

நம்ம பக்கத்துல வந்து இறங்கின இங்கிலீஷ்காரங்க இந்தப் பந்திகொக்கைத்தான் 'பேண்டிகூட்' ஆக்கினாங்க. 1886ல வந்த 'ஹாப்சன் ஜாப்சன்' அகராதியிலயே இது தெலுங்குச் சொல்னு தெளிவா இருக்கு.

அப்புறம் அதே ஆளுங்க ஆஸ்திரேலியா போனாங்க. நீள மூக்கோட மண்ணைத் தோண்டுற ஒரு சின்ன பிராணியைப் பாத்தாங்க. புதுப் பேரு யோசிக்காம, கையில இருந்த பேரை அதுக்கு வெச்சுட்டாங்க. கோடு எழுதுறவங்களுக்குப் புரியும்: வேரியபிள் பேரு அதேதான், உள்ள இருக்கிற டைப் மாறிடுச்சு. அது எலியே இல்ல. கங்காரு மாதிரி வயித்துல பை இருக்கிற பிராணி. தோண்டும்போது மண்ணு உள்ள போகக் கூடாதுன்னு அந்தப் பையோட வாய் பின்பக்கம் பாத்து இருக்கும். 1996ல பிளேஸ்டேஷன்ல வந்த 'கிராஷ் பேண்டிகூட்' ஹீரோ இந்த வகைதான்.

சரி, நாம எப்படிப் பயன்படுத்துறது? இந்தியாவுக்குள்ள பேசும்போது பேண்டிகூட்னா பெருச்சாளிதான், சந்தேகமே வேண்டாம். கேரளாவோட ஜென்ரோபோட்டிக்ஸ் கம்பெனி 2018ல கொண்டுவந்த, பாதாளச் சாக்கடை சுத்தம் பண்ற ரோபோவுக்கு 'பேண்டிகூட்'னு பேரு வெச்சாங்க. சாக்கடைன்னதும் நமக்கு ஞாபகம் வர்றது பெருச்சாளிதானே.

ஆனா வெளிநாட்டு ஆளுங்க படிக்கிற மாதிரி எழுதினா 'பேண்டிகூட் ரேட்'னு 'எலி'யையும் சேத்து எழுதுங்க. இது சும்மா இலக்கணப் பிடிவாதம் இல்ல. திண்டிவனம் பக்கம் நெல் வயல்ல வரப்பைத் துளைச்சு, கதிரை வளைக்குள்ள இழுத்துட்டுப் போய் சேத்து வைக்கிறது இதே இனத்துச் சின்ன வகை எலி. இருளர் மக்கள் அந்த வளையைத் தோண்டி, எலியையும் பிடிச்சு, உள்ள இருக்கிற நெல்லையும் எடுப்பாங்க. வேளாண்மை படிக்கிற ஒரு மாணவி இதைப் பத்தி "பேண்டிகூட் ஒழிப்பு"ன்னு மட்டும் இங்கிலீஷ்ல எழுதினா, படிக்கிற ஆஸ்திரேலியருக்குத் தூக்கிவாரிப் போடும். அங்க பேண்டிகூட்ல சில வகைகள் அழியிற நிலைக்குப் போய், சட்டப் பாதுகாப்புல இருக்கு.

திட்டுறதுலயும் ஒரு ஒற்றுமை உண்டு. தமிழ்ல 'ஊழல் பெருச்சாளி'ன்னு சொல்றோம். தெலுங்குலயும் ஊர்ச் சொத்தைத் தின்னுறவங்களைப் பந்திகொக்குன்னுதான் திட்டுவாங்க. இங்கிலீஷ்ல பேண்டிகூட்னு திட்டினா அந்தக் காரம் வராது. ஆஸ்திரேலியாவுல அந்தச் சொல்லை வினையாக்கினா வேற அர்த்தம்: மேல இருக்கிற செடி கலையாம, அடியில இருக்கிற உருளைக்கிழங்கை மட்டும் நைசா உருவுறது!

இப்போ அந்த நேயர் கடைசியா எழுதின வரிக்கு வர்றேன்: "எங்க தெலுங்கு அரைகுறைத் தெலுங்கு, வெளிய பேசக் கூச்சமா இருக்கு." எங்க வீடும் திண்டிவனத்துத் தெலுங்கு வீடுதான். ஹைதராபாத்ல நான் வாயைத் திறந்தாலே "இது எந்த ஊர் தெலுங்கு?"ன்னு கேப்பாங்க. பக்கத்துல இருக்கிற செஞ்சியை நாயக்கர்கள் ஆண்ட காலத்துல இருந்தே இந்தப் பக்கம் தெலுங்கு கேட்டுட்டு இருக்கு. பல தலைமுறையா பள்ளிக்கூடம் இல்லாம, புத்தகம் இல்லாம, வெறும் வாய்வழியா நின்ன மொழி. அதை அரைகுறைன்னு சொல்றது நியாயமே இல்ல. அதுக்கு உண்மையான ஆபத்து என்னன்னா, அம்மம்மா தெலுங்குல கேட்டா பேத்தி தமிழ்ல பதில் சொல்றதுதான். பந்திகொக்கு இங்கிலீஷ் அகராதியில பத்திரமா இருக்கு. அம்மம்மா வாயில மட்டும் இருக்கிற மத்த சொல்லுங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்ல.

அதனால இந்த வாரம் வீட்டுக்கு போன் பண்ணும்போது எலி, பூச்சி, பறவை பேரையெல்லாம் கேட்டு, ரெக்கார்ட் பண்ணி வைங்க. எழுத்து தெரியாட்டி பரவாயில்ல, தமிழ் எழுத்துலயே குறிச்சுக்கோங்க. அடுத்த எபிசோட்ல பாக்கலாம்!