தேங்காய் சாகவில்லை, உடுப்பு மாற்றுகிறது: வீட்டில் முதல் டரன்டுலா

பிள்ளை நாய் வேணும் என்று கேட்டால் நம்மிடம் பதில் தயாராக இருக்கும். "விடியக் காலமை ஆர் அதைக் கூட்டிக்கொண்டு நடக்கிறது?" பூனை என்றால், "அம்மம்மாவுக்கு இழுப்பு வரும்." மீன் என்றால் சரி, தொட்டியை யார் கழுவுவது என்பதுதான் சண்டை. ஆனால் "எனக்கு ஒரு டரன்டுலா வேணும்" என்று கேட்டால்?

என் மகள் கேட்டாள். நான் லண்டனில் பிறந்து வளர்ந்தவள். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் 'சி' என்றால் சிலந்தி என்று எழுதியதற்கு மேல் சிலந்தியோடு எனக்கு ஒரு கொடுக்கல் வாங்கலும் இருந்ததில்லை. அவள் மூன்று மாதம் நூலகப் புத்தகங்களைக் கொண்டுவந்து மேசையில் அடுக்கினாள். கடைசியில் பதினோராவது பிறந்தநாளுக்கு ஒரு பெண் டரன்டுலா வீட்டுக்கு வந்தது. இப்போது இரண்டு வருடமாகிறது.

இந்த இரண்டு வருடத்தில் நான் விளங்கிக்கொண்டது ஒன்றுதான். டரன்டுலா வளர்ப்பதில் வேலை மிகக் குறைவு. பதறாமல் இருப்பதுதான் பெரிய வேலை. அது செய்கிற இயல்பான காரியங்களில் பாதி, பார்க்கிறவர்களுக்கு நோய் மாதிரியோ சாவு மாதிரியோ தெரியும். உங்கள் பிள்ளையும் கேட்கத் தொடங்கியிருந்தால், முதலில் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

எங்கள் வீட்டுத் தேங்காய்

எங்களுடையது மத்திய அமெரிக்காவில், ஹொண்டுராஸ், நிகரகுவா பக்கம் வாழும் இனம். கடைகளில் 'கேர்லி ஹெயர்' என்று சொல்வார்கள். உடம்பெல்லாம் சுருண்ட, பழுப்பு மயிர். உரிக்காத தேங்காய் போல இருக்கிறது என்று மகள் 'தேங்காய்' என்றே பெயர் வைத்துவிட்டாள். பொருத்தம் என்னவென்றால், அதன் கூட்டில் நிரப்பியிருப்பதும் தேங்காய்த் தும்புத் தூள்தான். "தேங்காய்க்குத் தும்பிலை படுக்கையோ?" என்று அம்மம்மா சிரித்தார்.

புதிதாக வளர்ப்பவர்களுக்கு இது ஏற்ற இனம். மெதுவானது, சாது, வீட்டு வெப்பநிலையே போதும். பிரிட்டனில் டரன்டுலா வளர்க்கத் தனி உரிமம் தேவையில்லை. எல்லா நாட்டிலும் அப்படியல்ல. ஆஸ்திரேலியாவில் உள்நாட்டு இனங்களைத்தான் வைத்திருக்கலாம். வாங்க முதல் உங்கள் ஊர்ச் சட்டத்தைப் பாருங்கள்.

சும்மா இருப்பதுதான் அதன் தொழில்

முதல் வாரம் தேங்காய் கண்ணாடிச் சுவரில் ஏறி ஏறி இறங்கியது. புது இடத்தில் இது வழமை. ஈரம் கூடிய மண்ணும் காரணமாக இருக்கலாம். மேல் மண் கொஞ்சம் காய்ந்து, நாட்கள் போக அடங்கிவிடும். ஆனால் இது நிலத்தில் வாழும் சிலந்தி. உயரத்திலிருந்து விழுந்தால் வயிறு வெடித்துச் சாகும். அதனால் மண்ணுக்கும் மூடிக்கும் இடையிலான உயரம், காலை விரித்த சிலந்தியின் நீளத்தில் ஒன்றரை மடங்குக்கு மேல் வேண்டாம். பெரிய உயரமான தொட்டி வாங்கிக் கொடுப்பது அன்பு போலத் தெரியும். அதற்கு அது ஆபத்து.

பிறகு அசையாமல் இருக்கத் தொடங்கியது. ஒரே இடத்தில் ஒருநாள், இரண்டுநாள். வளைக்குள் போய் வாசலை மண்ணால் அடைத்துக்கொண்டு வாரக்கணக்கில் வெளியே வராமலும் இருக்கும். தோண்டிப் பார்க்கக் கூடாது. அதற்குப் பார்வை மிகக் குறைவு. உலகம் தெரிவது அதிர்வால்தான். நாங்கள் மூடியைத் தட்டுவது அதன் வீட்டுக் கதவை உடைப்பது மாதிரி.

காலை ஒவ்வொன்றாக வாய்க்குக் கொண்டுபோனால் அது தன்னைச் சுத்தம் செய்கிறது. இரை பிடித்ததும் அந்த இடத்திலேயே மெல்லச் சுற்றிச் சுற்றி ஆடுவது போல நடந்தால், நிலத்தில் நூல் விரிக்கிறது. ஒன்றும் வருத்தமில்லை.

சாப்பிடாத பிள்ளை

நம் வீடுகளில் ஒருவர் சாப்பிடவில்லை என்றால் அது குடும்பப் பிரச்சினை. தேங்காய் ஒருமுறை ஏழு கிழமை ஒன்றும் தொடவில்லை. அம்மம்மா ஒவ்வொரு நாளும் கேட்டார்: "இண்டைக்காவது ஏதும் திண்டதோ?"

டரன்டுலா வாரக்கணக்கில், சில இனங்கள் மாதக்கணக்கில் சாப்பிடாமல் இருக்கும். வளர்ந்ததற்கு ஒன்றிரண்டு கிழமைக்கு ஒருமுறை ஒரு கிரிக்கெட் பூச்சி போதும். நாட்களை எண்ணாமல் வயிற்றைப் பாருங்கள். உருண்டு நிறைந்திருந்தால் கவலையில்லை. சுருங்கி, மடிப்பு விழுந்திருந்தால்தான் யோசிக்க வேண்டும். தண்ணீர்க் கிண்ணம் மட்டும் எப்போதும் நிரம்பியிருக்க வேண்டும். தின்னாத பூச்சியை அடுத்த நாளே எடுத்துவிடுங்கள். தோல் கழற்றும் நேரத்தில் அந்தப் பூச்சியே சிலந்தியைக் கடித்துத் தின்னும்.

மல்லாக்கக் கிடந்த ஞாயிற்றுக்கிழமை

அந்த ஏழாவது கிழமை, வயிற்றில் மயிர் உதிர்ந்து மொட்டையாக இருந்த இடம் கறுத்து மினுங்கியது. ஞாயிறு காலை பார்த்தால், தேங்காய் எட்டுக் காலும் மேலே தெரிய மல்லாக்கக் கிடக்கிறது. அசைவே இல்லை.

என் கணவர் சத்தமில்லாமல் போய்த் தோட்டத்து மண்வெட்டியைத் தேடத் தொடங்கினார். "பாவம், போயிட்டுது" என்றார் அம்மம்மா. ஒரு பென்சிலால் மெல்லத் தொட்டுப் பார்த்தால் என்ன என்று எனக்குக் கை குறுகுறுத்தது. மகள் தொட்டிக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள்.

"ஒருத்தரும் தொடக் கூடாது. செத்தால் நிமிர்ந்தபடி, காலெல்லாம் வயித்துக்குக் கீழை மடிஞ்சு கிடக்கும். இது மல்லாக்கக் கிடக்குது. தோல் கழட்டப் போகுது."

அவள் சொன்னதுதான் சரி. சிலந்திக்குக் காலை மடக்கத் தசை உண்டு. நீட்டுவதற்கு உடம்புக்குள் இருக்கும் திரவத்தின் அழுத்தம் வேண்டும். உயிர் போகும்போது அந்த அழுத்தம் போகிறது, கால்கள் கை மூடுவது மாதிரி உள்ளே மடிகின்றன. மல்லாக்கக் கிடப்பது அதற்கு நேர் எதிரான செய்தி. ஒரு சிலந்தி வளர்வதற்காகச் செய்கிற மிகக் கடினமான வேலையைத் தொடங்குகிறது என்று அர்த்தம். அந்த நேரம் தொட்டாலோ, நிமிர்த்தி வைத்தாலோ, பாதி கழன்ற காலோ மென்மையான புதுத் தோலோ கிழிந்துவிடும். இரக்கப்பட்டுச் செய்கிற உதவியால் சாகும்.

நாலு மணித்தியாலம் எடுத்தது. மத்தியானச் சோற்றைக்கூட மகள் அங்கேயே இருந்து சாப்பிட்டாள். பின்னேரம் பார்த்தால் தொட்டியில் இரண்டு சிலந்திகள்: ஒன்று வெறும் தோல், மற்றது பளபளவென்று புதியது. அம்மம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். "அட, உடுப்பெல்லோ மாத்தியிருக்கு!"

தோல் கழற்றியபின் கோரைப்பற்கள் வெள்ளையாக, மென்மையாக இருக்கும். அவை கறுத்து இறுகும்வரை, வளர்ந்த சிலந்திக்கு ஏறக்குறைய இரண்டு கிழமை, உணவு கொடுக்கக் கூடாது. தண்ணீர் போதும்.

அன்று அந்தத் தொட்டியை நாங்கள் பெரியவர்கள் 'தெரியும்' என்ற நினைப்பில் கையிலெடுத்திருந்தால், உயிரோடு இருந்த ஒன்றைப் புதைத்திருப்போம். பிள்ளை அதை மறக்கமாட்டாள்.

கிட்ட வராதே என்று சொல்லும் விதங்கள்

அமெரிக்கக் கண்டத்து டரன்டுலாக்களில் பலவற்றுக்கு வயிற்றில் நுண்ணிய முள் மயிர் உண்டு. பயந்தால் பின்னங்காலால் அதை உதறி விசிறும். தோலில் பட்டால் கடிக்கும், கண்ணில் பட்டால் பெரிய பிரச்சினை. இங்கிலாந்தில் தொட்டியைச் சுத்தம் செய்த ஒருவரின் கண்ணில் இந்த மயிர் குத்தி இருந்ததை லீட்ஸ் மருத்துவர்கள் 'தி லான்செட்' மருத்துவ இதழில் எழுதினார்கள். அதனால் எங்கள் வீட்டில் தொட்டி வேலை என்றால் கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி. முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கை கழுவல்.

முன்னங்கால்களைத் தூக்கிப் பல்லைக் காட்டினால் அது கடைசி எச்சரிக்கை. அப்படியே மூடிவிட்டு வாருங்கள். இந்த இனம் கடித்தால் பெரும்பாலும் குளவி கொட்டியது போல வலிக்கும். ஒவ்வாமை உள்ளவர்கள் கூடக் கவனமாக இருக்க வேண்டும். நாங்கள் கையில் எடுப்பதே இல்லை. அது நம்மை அடையாளம் காணாது, தடவினால் மகிழாது. பார்க்கும் செல்லம், தூக்கும் செல்லமல்ல. அன்பு திரும்பி வராத இடத்திலும் ஒழுங்காகப் பார்த்துக்கொள்ள என் மகள் பழகுகிறாள்.

உண்மையில் பயப்பட வேண்டியவை

நிமிர்ந்தபடி கால்கள் உள்ளே மடிவது, வயிறு சுருங்குவது, உடம்பிலிருந்து திரவம் கசிவது, தோல் பாதியில் சிக்கி ஒருநாளுக்கு மேல் கிடப்பது. இவற்றில் ஒன்றைக் கண்டால், இவ்வகை உயிர்களைப் பார்க்கும் மிருக வைத்தியரைக் கேளுங்கள். அப்படி ஒருவர் கிட்ட இருக்கிறாரா என்று வாங்க முதலே விசாரித்து வைப்பது நல்லது.

நம் வீடுகளில் இன்னொன்று: கரப்பான் மருந்து, நுளம்புச் சுருள், நாய்க்கு அடிக்கும் தெள்ளு மருந்து. பூச்சியைக் கொல்வது சிலந்தியையும் கொல்லும். சாம்பிராணிப் புகையையும் அந்த அறைக்குள் கொண்டுபோவதில்லை.

அம்மம்மாவின் சிலந்தி

அந்த ஞாயிற்றுக்குப் பிறகுதான் அம்மம்மா சொன்னார், வன்னியில் இதைவிடப் பெரிய 'புலிமுகச் சிலந்தி'யைப் பார்த்திருக்கிறாராம். மகள் தேடிப் பார்த்தாள். மாங்குளத்தை அண்டிய பகுதியில் கண்டெடுத்த ஒரு மரவாழ் டரன்டுலாவை 2012 இறுதியில் புதிய இனமாக விவரித்திருக்கிறார்கள். தேடலுக்கு உதவிய பொலிஸ் அதிகாரி ஒருவரின் நினைவாக 'பொயெசிலோதேரியா ராஜாயி' என்று பெயர். அந்தப் பேரினம் இந்தியாவிலும் இலங்கையிலும் மட்டும் இயற்கையாக உள்ளது. 2019 முதல் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டிலும் உள்ளது. அழகுதான். ஆனால் மின்னல் வேகம், கடித்தால் நாட்கணக்கில் தசைப்பிடிப்பு. பிள்ளைக்கு முதல் சிலந்தியாக ஒருபோதும் வேண்டாம்.

வாங்க முதல் ஒரு கணக்கு

ஆண் டரன்டுலா சில வருடங்களே வாழும். பெண் 20 வருடமும் அதற்கு மேலும் வாழும். தேங்காய் நன்றாக இருந்தால், மகள் பல்கலைக்கழகம் போய், வேலைக்குப் போன பிறகும் அது இருக்கும். மகள் இல்லாத வீட்டில் கிண்ணத்துக்குத் தண்ணீர் ஊற்றப் போவது நான். வாங்க முதல் நானும் கணவரும் பேசி முடிவெடுத்தது அதைத்தான். பிள்ளைக்கு ஆசை இருக்கிறதா என்று மட்டும் பார்க்காமல், அந்த இருபது வருடத்துக்கு நீங்களும் சம்மதமா என்று உங்களைக் கேட்டுக்கொண்டு கடைக்குப் போங்கள்.