மெனிஸ்கஸ் அறுவை சிகிச்சைக்குப் பின் எப்போது தரையில் அமரலாம்? பயிற்சிகளும் எச்சரிக்கைகளும்

"எப்போது மீண்டும் தரையில் உட்காரலாம்?" முழங்காலில் மெனிஸ்கஸ் அறுவை சிகிச்சை செய்துகொண்ட பலருக்கும் எழும் கேள்வி இது. சம்மணமிட்டு உண்பதும், குந்தி அமர்ந்து வேலை செய்வதும் அன்றாட வழக்கமாக உள்ள இந்தியாவில் இக்கேள்வி இயல்பானதே. ஆனால், கிழிந்த பகுதி அகற்றப்பட்டதா, தைக்கப்பட்டதா என்பதைப் பொறுத்து விடை மாறுபடும்.

இருவகை சிகிச்சை

ஒவ்வொரு முழங்காலிலும் தொடை எலும்புக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் இடையே பிறை வடிவில் இரு குருத்தெலும்புத் திண்டுகள் உள்ளன. அவையே மெனிஸ்கஸ் எனப்படுகின்றன. உடல் எடையைப் பரப்பித் தாங்குவதும் அதிர்வைக் குறைப்பதும் அவற்றின் பணி. வெளி விளிம்பில் ரத்த ஓட்டம் இருப்பதால் அங்கு ஏற்படும் கிழிவைத் தைத்தால் ஆறும் வாய்ப்பு உண்டு. ரத்த ஓட்டமற்ற உட்பகுதியில் ஏற்படும் கிழிவு பெரும்பாலும் வெட்டி அகற்றப்படுகிறது.

அகற்றப்பட்டவர்கள் பொதுவாகச் சில நாள்களில் ஊன்றுகோலின்றி நடக்கத் தொடங்கி, 4 முதல் 6 வாரங்களில் வழக்கமான பணிகளுக்குத் திரும்புகின்றனர். தைக்கப்பட்டவர்களுக்கு முதல் 4 முதல் 6 வாரங்கள் வரை முழங்காலை 90 டிகிரிக்கு மேல் மடக்க அனுமதி இருப்பதில்லை. ஆழமாகக் குந்துவதைச் சுமார் 4 மாதங்கள் தவிர்க்குமாறு அறிவுறுத்தப்படுகிறது.

பயிற்சிகள்

தொடக்கத்தில் முன்தொடைத் தசை விரைவாக வலுவிழக்கும். எனவே, காலை நீட்டியபடி அத்தசையை இறுக்கி 5 விநாடிகள் வைத்திருத்தல், கணுக்காலை மேலும் கீழும் அசைத்தல், முழங்காலை மடக்காமல் காலை உயர்த்துதல் ஆகியவை முதலில் கற்பிக்கப்படுகின்றன. அனுமதிக்கப்பட்ட அளவுக்குள் குதிகாலைப் படுக்கையில் இழுத்து முழங்காலை மடக்கும் பயிற்சியும் அளிக்கப்படுகிறது. அடுத்த கட்டத்தில் நிலை மிதிவண்டி, படி ஏறுதல், ஒற்றைக் காலில் நிற்றல் ஆகியவை சேர்க்கப்படும்.

வலி குறைந்துவிட்டது என்பதாலேயே தையல் ஆறிவிட்டதாகக் கருதக் கூடாது. முழங்காலை முழுமையாக மடக்கும்போது மெனிஸ்கஸின் பின்பகுதி நசுக்கப்படுவதால், அவசரமாகக் குந்தினால் தையல் பிரிய நேரிடலாம். இக்காலத்தில் நாற்காலியும் மேற்கத்தியக் கழிப்பறையும் பாதுகாப்பானவை.

ஒப்பீடு வேண்டாம்

செர்பிய டென்னிஸ் வீரர் நோவக் ஜோகோவிச், 2024 ஜூன் மாதத் தொடக்கத்தில் மெனிஸ்கஸ் அறுவை சிகிச்சை செய்துகொண்டு, ஜூலை 14-இல் விம்பிள்டன் இறுதிப் போட்டியில் ஆடினார். நாள்தோறும் நிபுணர்களின் கண்காணிப்பில் பயிற்சி பெறும் வீரரின் வேகம் அனைவருக்கும் அளவுகோலாகாது.

கெண்டைக்காலில் வலியும் வீக்கமும், காய்ச்சல், முழங்கால் பூட்டிக்கொள்ளுதல் ஆகியவை தோன்றினால் பயிற்சியை நிறுத்தி மருத்துவரை அணுக வேண்டும். திடீர் மூச்சுத்திணறல் ஏற்பட்டால் உடனடியாக அவசர சிகிச்சை பெற வேண்டும். வீடு திரும்பும் முன், எவ்வகை அறுவை சிகிச்சை செய்யப்பட்டது, எத்தனை டிகிரி வரை மடக்கலாம், எப்போது முழு எடையையும் ஊன்றலாம் ஆகிய மூன்றையும் மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்வது நலம்.