விருந்தாய் வரும் நீர்ப்பறவைகளும் நம் கடமையும்

ஓர் ஆண்டினை ஆறு பருவங்களாகப் பகுத்துக் கண்டவர் நம் முன்னோர். அவற்றுள் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர்காலம் எனப்படும். வடநாடுகளில் ஏறத்தாழ அதே காலம் இலையுதிர்காலமாகும். நம் மலேசியத் திருநாட்டிலோ வெயிலும் மழையும் மாறி மாறி வருவதன்றி இத்தகைய பருவ வேறுபாடு பெரிதும் புலப்படுவதில்லை. எனினும், வடக்கே இலையுதிர்காலம் பிறந்துவிட்டது என்பதை நமக்கு அறிவிக்கும் தூதுவர் உளர். அத்தூதுவர் நீர்ப்பறவைகளே. புரட்டாசித் திங்கள் முதல் அவை கூட்டங்கூட்டமாக நம் கடலோரங்களிலும் நெல்வயல்களிலும் வந்து இறங்குகின்றன. தீபாவளித் திருநாள் நெருங்கும்போது அவற்றின் எண்ணிக்கை பல்லாயிரமாகப் பெருகுகிறது. பங்குனி, சித்திரையில் அவை மீண்டும் வடக்கு நோக்கிப் புறப்பட்டுவிடுகின்றன.

இப்பறவைகள் எங்கிருந்து வருகின்றன, ஏன் வருகின்றன, அவற்றின்பால் நமக்குள்ள கடமை யாது என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

நீர்ப்பறவைகள் யாவை?

நீரையும் நீர் சார்ந்த நிலத்தையும் நம்பி வாழும் பறவைகள் நீர்ப்பறவைகள் எனப்படும். நீந்தித் திரியும் வாத்தினம் ஒருவகை. நீரோரத்தில் அசையாது நின்று மீனுக்காகக் காத்திருக்கும் கொக்கும் நாரையும் மற்றொருவகை. சேற்றில் ஓடியோடி இரை கொத்தும் உள்ளான், உப்புக்கொத்தி, பவளக்காலி, கோட்டான் முதலியன கரைப்பறவைகள் என்னும் மூன்றாம் வகை.

இவற்றுள் சில ஆண்டு முழுவதும் நம்மோடு வாழ்பவை. பழைய ஈயக் குட்டைகளில் கூட்டமாக நீந்தும் சீழ்க்கைச்சிறகியும், தோட்டத்துக் கால்வாய் ஓரங்களில் வாலை ஆட்டி ஆட்டி நடக்கும் கானாங்கோழியும் அத்தகையன. நீலச்சிறகி என்னும் சிறு வாத்தும் கரைப்பறவைகளுள் மிகப் பலவும் பருவத்தில் வந்து செல்லும் விருந்தினர்.

தோட்டப்புறத்தில் வாழும் நமக்கு மிகவும் பழக்கமான விருந்தாளி உண்ணிக்கொக்கு ஆகும். மேயும் மாடுகளின் பின்னும் புல் வெட்டும் இயந்திரத்தின் பின்னும் நடந்து, கலைந்தெழும் வெட்டுக்கிளிகளைக் கொத்தித் தின்னும் வெண்ணிறப் பறவை அது. கொக்கு பறக்கக் கண்டதும் நகத்தில் வெள்ளைப்பூ விழும் என்று நம் குழந்தைகள் விரல்களை அசைத்து விளையாடுவதுண்டு. பங்குனி வாக்கில் அக்கொக்குகளின் தலையும் கழுத்தும் செம்மஞ்சள் நிறம் பெறுகின்றன. அவற்றை வேறோர் இனம் எனக் கருதுவோரும் உளர். உண்மையில், வடக்கே சென்று கூடு கட்டிக் குஞ்சு பொரிப்பதற்காக அவை பூணும் மணக்கோலமே அந்நிறமாகும்.

ஏன் வருகின்றன?

சைபீரியா, மங்கோலியா, வடசீனம் ஆகியவற்றின் சதுப்பு நிலங்களில் கோடைக்காலத்துப் பகற்பொழுது மிக நீண்டது. பூச்சிகளும் புழுக்களும் அப்போது அளவின்றிப் பெருகும். குஞ்சுகளை வளர்ப்பதற்கு அதனினும் ஏற்ற இடம் வேறில்லை. இலையுதிர்காலம் வந்ததும் பகல் குறுகுகிறது. சின்னாளில் நீரும் சேறும் பனிக்கட்டியாய் உறைந்துவிடும். அதன்பின் பறவையின் அலகு மண்ணுள் இறங்காது. ஆகவே, குளிருக்கு அஞ்சி என்பதைவிடப் பசிக்கு அஞ்சியே அவை தெற்கு நோக்கிப் புறப்படுகின்றன எனலாம்.

பகற்பொழுது குறைவதை உணர்ந்ததும் பறவையின் உடலில் மாறுதல்கள் உண்டாகின்றன. அது ஓயாது இரை தின்று கொழுப்பைச் சேமிக்கிறது. சில இனங்கள் புறப்படும் வேளையில் இரு மடங்கு எடையை அடைந்துவிடும். அக்கொழுப்பே வழியில் அவற்றுக்குக் கட்டுச்சோறு. பகலில் கதிரவனையும் இரவில் விண்மீன்களையும் கொண்டும், பூமியின் காந்த ஆற்றலை உணர்ந்தும் அவை திசை அறிகின்றன. கரைப்பறவைகள் பலவற்றில் பெற்றோர் முன்னரே புறப்பட்டுவிட, அவ்வாண்டு பிறந்த குஞ்சுகள் சில கிழமைகள் கழித்து, வழிகாட்டுவார் எவருமின்றித் தாமே பறந்து வந்து சேர்கின்றன. என்னே இயற்கையின் விந்தை!

2022 ஆம் ஆண்டில் பட்டைவால் மூக்கான் என்னும் கரைப்பறவையின் இளங்குஞ்சு ஒன்று அலாஸ்காவிலிருந்து ஆஸ்திரேலியாவின் தாஸ்மானியா வரை 13,560 கிலோமீட்டர் தூரத்தை 11 நாளில், எங்கும் இறங்காமல் பறந்து கடந்தது. அதன் உடலில் பொருத்தப்பட்ட சிறு கருவியால் இச்செய்தி அறியப்பட்டது.

பறவைகளின் இவ்வடதென் பயணத்தைத் தமிழர் பண்டே அறிந்திருந்தனர். வறுமையால் ஊர் நீங்கி மதுரையில் வாடைக்காற்றில் நடுங்கிய சத்திமுத்தப் புலவர், குமரியில் நீராடி வடதிசை திரும்பும் நாரையை விளித்து, தம் ஊரில் இறங்கித் தம் மனைவிக்குச் செய்தி சொல்லுமாறு வேண்டிப் பாடினார். நாரை தெற்கே வந்து வடக்கே மீளும் என்பதை அறியாதவர் அவ்வாறு பாடியிருக்க இயலாது அன்றோ?

வான்வழியும் தங்குமிடமும்

நிலத்தில் நெடுஞ்சாலை இருப்பதுபோல் பறவைகளுக்கு வானில் வழிகள் உண்டு. நம் நாட்டின் மீது செல்வது கிழக்காசிய ஆஸ்திரேலிய வான்வழி எனப்படும். வடதுருவத்தை அடுத்த ரஷ்யாவிலும் அலாஸ்காவிலும் தொடங்கி, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து வரை 22 நாடுகளைத் தழுவிச் செல்லும் இவ்வழியே 5 கோடிக்கும் மேற்பட்ட நீர்ப்பறவைகள் பயணம் செய்கின்றன.

நெடும்பயணம் செல்வோர்க்கு இடையிடையே சத்திரம் வேண்டும். பேராக்கில் கோலா குலா, சிலாங்கூரில் கோலா சிலாங்கூரும் காப்பாரும், பினாங்கு மாநிலத்தில் தெலுக் ஆயர் தாவார் முதலிய இடங்களின் சேற்றுக் கரைகள் அத்தகைய சத்திரங்களாம். நம் கண்ணுக்கு வெறுஞ்சேறாகத் தோன்றும் அவ்விடம் பறவைக்கு விரித்து வைத்த தலைவாழை இலையாகும். உப்புக்கொத்தியின் குட்டை அலகு சேற்றின் மேற்பரப்பில் உள்ளதைக் கொத்தும். பவளக்காலியின் நடுத்தர அலகு சற்று ஆழத்தில் உள்ள புழுவைப் பற்றும். கோட்டானின் நீண்டு வளைந்த அலகு வளையினுள் ஒளிந்த நண்டையும் இழுத்துவிடும். ஒரே சேற்றில் பல இனங்கள் பூசலின்றிப் பசியாறுவதன் மருமம் இதுவே.

கடல் வற்றும்போது சேறு வெளிப்படும். அப்போது பறவைகள் உண்ணும். கடல் பெருகும்போது அவை மேட்டில் ஒதுங்கி உறங்கும். எனவே, இரவாயினும் பகலாயினும் அவற்றின் உணவு வேளையைக் கடலே வகுக்கிறது. இங்கே நாம் கருத வேண்டிய செய்தி ஒன்றுண்டு. ஒதுங்கி உறங்கும் கூட்டத்தின் மீது ஒரு சிறுவன் கல்லெறிந்தாலோ, நாய் ஒன்று பாய்ந்தாலோ, ஆயிரம் பறவைகள் ஒருங்கே எழுந்து நெடுநேரம் வட்டமிடும். ஒவ்வொரு முறையும் அவை சேர்த்து வைத்த கொழுப்பின் ஒரு பகுதி வீணாகிறது. நாள்தோறும் இவ்வாறு அலைக்கழிக்கப்பட்ட பறவை, திரும்பும் பயணத்திற்கு வேண்டிய வலுவின்றிப் புறப்படும். கல் அதன் மேல் படாவிடினும் உயிருக்குக் கேடு விளையக்கூடும்.

சத்திரங்களும் குறைந்து வருகின்றன. சீனத்திற்கும் கொரியாவிற்கும் இடைப்பட்ட மஞ்சள் கடலின் சேற்றுக் கரைகளில் மூன்றில் இரு பங்கு வரை ஐம்பது ஆண்டுகளில் அழிந்துபோயின. நம் நாட்டிலும் கரையோரக் காடுகள் பல, இறால் குளங்களாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறியுள்ளன. நம் மண்ணிலேயே வாழ்ந்த பால்நிற நாரை இதற்குச் சான்றாகும். 1980களில் கோலா குலாப் பகுதியில் ஏறத்தாழ நூறு நாரைகள் இருந்தன. பின்னர் அவை விரல்விட்டு எண்ணத்தக்க அளவுக்குக் குறைந்தன. தேசிய விலங்குப் பூங்காவில் வளர்த்துப் பெருக்கிய நாரைகளை 2007 முதல் அங்கே விடுவித்து மீட்கும் முயற்சி மேற்கொள்ளப்பட்டது. இழப்பது எளிது, மீட்பது அரிது.

ஊர் கூடிக் காத்த வரலாறு

பறவைகளைக் காப்பது அரசின் பணி மட்டுமே எனச் சிலர் கருதுவர். வரலாறு வேறுவிதமாக உரைக்கிறது. தமிழ்நாட்டில் செங்கற்பட்டிற்கு அண்மையில் உள்ளது வேடந்தாங்கல் ஏரி. மழைக்காலத்தில் அங்குள்ள நீர்க்கடம்பு மரங்களில் பறவைகள் கூடு கட்டும். அவற்றின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாவதை உழவர் கண்டறிந்தனர். ஆதலால் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது, அவர்கள் வாளாவிராமல் ஆட்சியாளரிடம் முறையிட்டனர். 1798 இல் கலெக்டர் லயனல் பிளேஸ், பறவைகளைக் காக்கும் அவ்வூராரின் உரிமையை ஏற்று ஆணை வழங்கினார்.

சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுக்குடிப்பட்டி மக்களோ, கண்மாயில் தங்கும் பறவைகள் அஞ்சிப் பறந்துவிடும் என்று தீபாவளியன்றும் பட்டாசு வெடிப்பதில்லை. சிறுவர்கள் மத்தாப்பும் வேட்டும் கேட்டு அடம்பிடிக்கும் நாளில் ஓர் ஊரே அமைதி காப்பது எளிய செயலன்று.

நம் அண்டை நாடாகிய சிங்கப்பூரிலும் இத்தகைய நிகழ்ச்சி உண்டு. ஜொகூர் நீரிணையை நோக்கிய சுங்கை பூலோ என்னுமிடத்தில் பழைய இறால் குளங்கள் இருந்தன. 1986 இல் இயற்கை ஆர்வலர் சிலர் அங்கே எண்ணற்ற வலசைப் பறவைகள் தங்குவதைக் கண்டனர். அவ்விடத்தை விட்டுவைக்குமாறு அவர்கள் அரசிடம் விண்ணப்பித்தனர். 1989 இல் 87 ஹெக்டர் நிலம் இயற்கைப் பூங்காவாக ஒதுக்கப்பட்டது. 1993 டிசம்பரில் அது திறந்துவைக்கப்பட்டது. 2002 இல் 130 ஹெக்டர் பரப்புள்ள சட்டப்படியான காப்பகமாக உயர்ந்தது. நம் நாட்டில் 1987 இல், அக்காலத்து மலாயா இயற்கைக் கழகமும் சிலாங்கூர் மாநில அரசும் இணைந்து கோலா சிலாங்கூர் இயற்கைப் பூங்காவை உருவாக்கின. எங்கும் முதலில் குரல் எழுப்பியவர் பொதுமக்களே என்பதை நாம் மறத்தலாகாது.

எண்ணுதலும் ஒரு தொண்டு

எத்தனை பறவைகள் உள்ளன என்று அறியாமல் அவை குறைகின்றனவா எனக் கூற இயலாது. ஆதலின், 1987 முதல் ஆண்டுதோறும் சனவரித் திங்களில் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடைபெற்று வருகிறது. அதில் பங்குகொள்வோருள் பெரும்பாலோர் ஊதியம் பெறாத தொண்டர்கள். ஆசிரியரும் மாணவரும் அதில் உள்ளனர்.

எண்ணும் முறை எளிது. கூட்டத்தின் ஓரத்தில் முதலில் பத்துப் பறவைகளை எண்ணி, அப்பத்து எவ்வளவு இடத்தை நிரப்புகிறது என்பதை மனத்தில் கொள்ள வேண்டும். பின்னர் கூட்டம் முழுவதையும் அவ்வளவைக் கொண்டு பத்துப் பத்தாக எண்ணிச் செல்லலாம். பெருங்கூட்டமாயின் நூறு நூறாக எண்ணுவர். நாள், நேரம், இடம், பறவையின் பெயர், எண்ணிக்கை ஆகிய ஐந்தையும் குறித்துக்கொள்ளுதல் வேண்டும். அதே இடத்தில் அதே காலத்தில் ஆண்டுதோறும் எண்ணினாலன்றி ஒப்பிட்டுப் பார்க்க இயலாது.

நாம் செய்யத்தக்கவை

மாணவமணிகளே! உண்ணிக்கொக்கு முதன்முதல் தோட்டத்தில் தென்படும் நாளையும் இறுதியாகக் காணப்படும் நாளையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். ‘லாஸ்டிக்’ என நீங்கள் வழங்கும் கவட்டைவில்லைப் பறவைகளை நோக்கி உயர்த்தாதீர்கள். கூட்டையும் முட்டையையும் தொடாதீர்கள்.

பெற்றோர்களே! கால்வாயோரக் கானாங்கோழிக்குக் கண்ணி வைக்கும் வழக்கம் நம்மிடையே இருந்ததுண்டு. பாதுகாக்கப்பட்ட பறவைகளை உரிமமின்றிப் பிடிப்பது 2010 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும். புல்மருந்து அடிக்கும் பம்புகளைக் கால்வாயிலோ ஆற்றிலோ கழுவுதல் வேண்டா. அந்நீரில் மீனும் தவளையும் மடிந்தால் கொக்கிற்கு மட்டுமன்றி நம் பிள்ளைகளுக்கும் தீங்குண்டு. தூண்டில் போடச் செல்வோர் அறுந்த நைலான் நூலைக் கரையில் விட்டுவராமல் சுருட்டி எடுத்துவருக. பறவையின் காலில் அது சிக்கினால் காலையே அறுத்துவிடும்.

ஓய்வு நாளில் குடும்பத்தோடு ஒருமுறை கோலா சிலாங்கூருக்கோ அருகிலுள்ள கடலோரத்திற்கோ சென்று வரலாம். கடல் பெருகும் நேரத்தை முன்னரே அறிந்து சென்றால், கரைக்கு ஒதுங்கிவரும் பறவைகளை நன்கு காணலாம். மங்கிய நிற உடை உடுத்தி, உரத்துப் பேசாமல், எட்ட நின்று நோக்குதல் நலம்.

கடல் கடந்து வந்து இம்மண்ணில் வேரூன்றிய மரபினர் நாம். நெடுந்தூரம் பயணம் செய்து வருவோர்க்கு இறங்க ஓர் இடமும் பசியாற ஒரு பிடி உணவும் எத்துணை இன்றியமையாதன என்பதை நமக்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. வரும் புரட்டாசியில் முதற் கொக்கு நம் திடலில் இறங்கும் நாளைப் பள்ளிக் கரும்பலகையில் எழுதி வைப்போமாக! ஆண்டுதோறும் அந்நாளை எழுதும் பேறு நம் பின்னோர்க்கும் வாய்ப்பதாக!