எடை குறைக்க இன்சுலினை விடலாமா? டைப் 1 சர்க்கரை உள்ள கபடி வீரர்கள் கவனத்துக்கு!

குண்டடம், தாராபுரம், பல்லடம் பக்கம் மின்னொளி கபடிக்குக் கூட்டம் சேர ஒரு ஃபிளெக்ஸ் போர்டு போதும். பகலில் பனியன் கம்பெனி ஷிஃப்ட், ராத்திரி ஆட்டம் என ஓடும் பசங்களுக்குப் பெரிய தலைவலி எடைதான். ஜூனியர் ஆண்களுக்கு ஒரு வரம்பு உண்டு, சீனியர் என்றால் 85 கிலோ தாண்டக் கூடாது. முந்தின நாள் பட்டினி, தண்ணீர் குடிக்காமல் இருப்பது எல்லாம் எடை பார்க்கும் விளையாட்டுகளில் பழைய பழக்கம்.

டைப் 1 சர்க்கரை நோய் உள்ளவருக்கு இன்னொரு குறுக்குவழியும் கண்ணில் படும். இன்சுலின் ஊசியை விட்டால் எடை மளமளவென இறங்கும். இறங்குவது நிஜம்தான். ஆனால் எது இறங்குகிறது?

இன்சுலின் இல்லாவிட்டால் ரத்தத்தில் உள்ள சர்க்கரை தசைக்குள் போகாது. சிறுநீரில் வெளியேறும்போது உடம்பின் தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போகும். எரிபொருள் கிடைக்காத உடம்பு, கொழுப்போடு சேர்த்துத் தசையையும் கரைக்கும். அதாவது, மெஷினில் முதலில் குறைவது பெரும்பாலும் தண்ணீர். அடுத்து, ரெய்டு போக வேண்டிய அதே தொடைத் தசை! இன்னொரு பக்கம், கொழுப்பு உடைந்து உருவாகும் கீட்டோன் ரத்தத்தை அமிலமாக்கும். வாந்தி, வயிற்றுவலி, வேகமான மூச்சு, மயக்கம். ‘கீட்டோஅசிடோசிஸ்’ என்கிற இந்த நிலை ஒரே நாளில் ஐசியூ வரை கொண்டுபோய்விடும். உயிரும் போகலாம்.

அப்போ எடையை எப்படிக் குறைப்பது? போட்டிக்குப் பல வாரம் முன்பே டாக்டரிடம் போக வேண்டும். சர்க்கரை அடிக்கடி ‘லோ’ ஆவதும், அதைச் சரிக்கட்டச் சாப்பிடுவதும்கூட எடை ஏற ஒரு காரணம். பயிற்சிக்கு ஏற்ப டோஸை டாக்டர் மாற்றிக் கொடுத்தால் அந்தக் கூடுதல் சாப்பாடே தேவைப்படாது. கூடவே முட்டை, பயறு, தயிர் என புரதத்தை விடாமல் சாப்பிட்டால் தசை நிற்கும்.

ஆட்ட நாளில் சர்க்கரை 250-ஐத் தாண்டி, கீட்டோனும் இருந்தால் களத்தில் இறங்கவே கூடாது. 70-க்குக் கீழே போனால் 15 கிராம் குளுக்கோஸ் பவுடர் அல்லது சர்க்கரை. 15 நிமிடம் கழித்து மறுபடி டெஸ்ட். கடலை மிட்டாய் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். ராத்திரி ஆட்டத்தில் இன்னொரு சிக்கல்: ஆடி முடித்துப் பல மணி நேரம் கழித்து, தூக்கத்தில் சர்க்கரை இறங்கலாம். அதனால் ஆட்டம் முடிந்து வெறும் வயிற்றோடு படுக்காதீர்கள்.

இந்த நோயோடு உச்சம் தொட்டவர்கள் உண்டு. அமெரிக்க நீச்சல் வீரர் கேரி ஹால் ஜூனியருக்கு 1999-ல் டைப் 1 என்று தெரிந்தது. 2000, 2004 இரண்டு ஒலிம்பிக்கிலும் 50 மீட்டர் ஃப்ரீஸ்டைல் தங்கம் அவருக்குத்தான்.

மாநில, தேசிய அளவில் ஆடுபவர்களுக்கு ஒரு விஷயம். உலக ஊக்கமருந்து தடுப்பு முகமையின் தடைப் பட்டியலில் இன்சுலினும் இருக்கிறது. நோய்க்காகப் போடுபவர்கள் மருத்துவச் சான்றுகளோடு சிகிச்சை விலக்கு அனுமதி வாங்க வேண்டும். இந்தியாவில் அதற்கு விண்ணப்பிக்க வேண்டிய இடம், தேசிய ஊக்கமருந்து தடுப்பு முகமையான ‘நாடா’.